திருக்கோணமலைத் துறைமுக நகரின் குடியிருப்புகள்

திருக்கோணமலையைக் காண வருவோருட் பலர் கோணேசர் ஆலயத்தை வணங்கியவுடன் மீண்டுவிடுகின்றனர். அன்னார் கண்டது மலையேயன்றி நகரன்று. இந்நகரின் குடியிருப்புகளை அறிய விழைவோர் அதனைச் சூழ்ந்த நீர்நிலையினை முதற்கண் அறிதல் வேண்டும்.

சுவாமிமலையின் இருமருங்கும் உள்ளவை மணற்கரையுடைய திறந்த குடாக்கள். நகரின் மறுபுறத்தே குன்றுகள் சூழ அமைந்தது உட்துறைமுகம். அது மிக ஆழமானது. பெருங்கலங்களுக்கு எப்பருவத்தும் புகலிடமாவது. ஆழ்நீர் அயல்நாட்டுப் படைகளை ஈர்த்தது. ஆழங்குறைந்த நீரோ மக்களுக்கு வாழ்வளித்தது.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் ஆலயத்தைத் தகர்த்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை சமைத்தனர். பின்னர் அக்கோட்டை ஒல்லாந்தர்க்கும், 1782இற் சிறிது காலம் பிரெஞ்சுக்காரர்க்கும், 1795இல் ஆங்கிலேயர்க்கும் உரியதாயிற்று. கயலுருவும் தமிழெழுத்தும் பொறித்த பழங்கல்லொன்றை அதன் வாயிலில் இன்றும் காணலாம். அவ்வாயிலைக் கடந்தே அடியார் ஆலயத்தை அடைகின்றனர். 1950இல் நகரிற் கிணறு தோண்டுங்கால் வெளிப்பட்ட திருவுருவங்கள், 1963இற் குடமுழுக்குக் கண்ட ஆலயத்தில் எழுந்தருளியுள்ளன. கோட்டையினுள் பௌத்த விகாரையும் உண்டு.

உட்துறைமுகத்தின் அப்பால் சீனன்குடாவில் ஆங்கிலேயர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. இத்துறைமுகத்தை நாடியே 1942 ஏப்பிரல் 9ஆந் தேதி யப்பானிய வானூர்திகள் குண்டு பொழிந்தன. 1957இல் ஆங்கிலக் கடற்படை நீங்கிற்று.

கொடிகள் பல மாறினும் கரையோர வாழ்வு அறுபடவில்லை. திருக்கடலூரிற் கடற்றொழிலாளர் வாழ்கின்றனர். நகர வீதிகளிற் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அணித்தணித்தே உள்ளன. தெற்கே கிண்ணியாவில் முசிலிம் மக்கள் உழவும் மீன்பிடியும் வாணிகமும் புரிகின்றனர். முற்காலத்தில் அவர்கள் ‘பாதை’ என வழங்கும் மிதவையிலேறியே நகருக்கு வந்தனர். 2009இற் பாலம் திறக்கப்பட்டபின் அக்காத்திருப்பு ஒழிந்தது.

1983இன் பின்னர் நிகழ்ந்த போரும், 2004 திசெம்பர் 26ஆந் தேதி எழுந்த ஆழிப்பேரலையும் இக்குடியிருப்புகள் பலவற்றை நிலைகுலையச் செய்தன. மீண்டெழுந்த வீடுகளும் வெறுமையான வளவுகளும் அவ்வரலாற்றின் பகுதிகளே. கோட்டைக்கல்லை ஒருவர் தம்முடையதென உரிமை கூறலாம். ஆயின் இந்நகர் ஒரு சாரார்க்கு மட்டும் உரியதெனக் கூறுதல் பொருந்தாது. ஆலயத்தை வணங்கியவர் கடற்கரையிலும் கடைவீதியிலும் நடந்து, கிண்ணியாப் பாலம்வரை சென்று மீள்வாராயின் இவ்வுண்மை அவர்க்குத் தானே விளங்கும்.