துணைக்குக் கடல் இருக்கிறது!

சகோதரிகளே, உங்களை ஒன்று கேட்கிறேன். கடைசியாக நீங்கள் வெளியூர் போனது எப்போது? "போன மாதம்தான், நாத்தனார் பெண்ணின் கல்யாணத்துக்குப் போய் வந்தேன்" என்பீர்கள். அதை நான் பிரயாணக் கணக்கில் சேர்ப்பதாயில்லை. அது, ஓர் ஊர்ச் சமையலறையிலிருந்து இன்னோர் ஊர்ச் சமையலறைக்கு மாற்றலாகிப் போய் வந்தது! கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனாலும் கதை அதேதான். சின்னவனுக்கு ஸ்வெட்டர், மாமியாருக்கு மாத்திரை, அவருக்குச் சர்க்கரை போடாத காப்பி என்று ஏரிக்கரையிலும் உங்களுக்கு வேலை ஓய்வதில்லை.

ஆகையால் நான் ஒரு யோசனை சொல்லப் போகிறேன்; திடுக்கிடாமல் கேளுங்கள். ஒரு கடற்கரை ஊரில், தன்னந்தனியாக, மூன்று நாள் இருந்துவிட்டு வாருங்கள். பிரார்த்தனைக்காக அல்ல, வைத்தியத்துக்காக அல்ல, உறவுக்காரரைப் பார்ப்பதற்காகவும் அல்ல. சும்மா இருப்பதற்காக!

"தனியாகவா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்வி உடனே எழும். ஆண்பிள்ளை பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், "ஆபீஸ் வேலையாக இருக்கும்" என்பார்கள். பெண்பிள்ளை கிளம்பினால், "வீட்டில் என்ன தகராறோ!" என்பார்கள். நாலு பேர் நாலு நாள் பேசுவார்கள். ஐந்தாம் நாள் அவர்களுக்கு வேறு விஷயம் கிடைத்துவிடும்.

சரி, எந்த ஊருக்குப் போவது? முதல் தடவையாகத் தனியே கிளம்புகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது புதுச்சேரியைத்தான். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. கடலோரத்துப் பழைய பிரெஞ்சுப் பகுதியில் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக ஓடுகின்றன. வழி தவறிவிடுமோ என்ற பயமே வேண்டாம். கிழக்குப் பார்த்து நடந்தால் கடல் வந்துவிடும்! சனி, ஞாயிறில் மட்டும் போகாதீர்கள். வெளியூர்க் கார்கள் வந்து குவிந்துவிடும். திங்களன்று போய் வியாழனன்று திரும்புவது உத்தமம்.

தங்குமிடத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த விருந்தினர் விடுதிகள் பல இருக்கின்றன. அங்கே மதுவும் புகையும் கூடாது. இரவில் குறித்த நேரத்தில் வாயிற்கதவைச் சாத்திவிடுவார்கள். சில பேருக்கு இந்தக் கண்டிப்பு பிடிப்பதில்லை. ஆனால் தனியாகப் போகிற பெண்ணுக்கு இதைவிட நிம்மதி வேறென்ன வேண்டும்?

கடற்கரைச் சாலை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நீளம். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை வரையில் வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. ஹாரன் சத்தமில்லாமல் அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடக்கலாம். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்களுக்கு நடுவே காந்தி மகான் நிற்கிறார். சற்றுத் தள்ளி, 1836-ல் முதன்முதலாக விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். 1979-ல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கலங்கரை விளக்கத்துக்கே ஓய்வு உண்டென்றால் உங்களுக்கு மட்டும் கிடையாதா என்ன?

விடியற்காலையில் போனால், புடைவையும் கான்வாஸ் ஷூவுமாக நடைபோடும் உள்ளூர் அம்மாள்களைப் பார்க்கலாம். அவர்களோடு நடப்பது உங்களுக்கும் தைரியம். ஆனால் கரையோரப் பாறைகளில் மட்டும் இறங்க வேண்டாம். அவை வழுக்கும், அந்த இடம் குளிப்பதற்கானதும் அல்ல.

இந்தப் பாறைகளுக்கு ஒரு கதை உண்டு. முன்பு இங்கே அகலமான மணல் கரை இருந்தது. ஊருக்குத் தெற்கே 1989-ல் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் எழுப்பினார்கள். வருஷத்தில் பெரும்பாலான மாதங்களில் இந்தக் கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதைத் தடுத்துவிட்டது. வந்து சேருவதற்கு மணல் இல்லை. அலையோ அரிப்பதை நிறுத்தவில்லை. கரை கரைந்தே போயிற்று! பிறகு 2018-ல் கடலுக்குள்ளே ஒரு செயற்கைத் திட்டு அமைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பகுதியில் மணல் திரும்பி வந்தது.

நம் வீட்டுப் பெண்களின் சமாசாரமும் இதுதான் அல்லவா? நாள் முழுவதும் எடுத்துக்கொண்டே இருந்தால், திரும்ப வந்து சேருவது ஏதாவது இருக்க வேண்டாமா?

மத்தியானம் பாரதி பூங்காவின் நிழலில் போய் உட்காருங்கள். நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, அதுதான் ஆயி மண்டபம். ஆயி என்பவள் ஒரு தாசி. அவளுடைய வீட்டைக் கோயிலென்று எண்ணிக் கும்பிட்டுவிட்ட அரசர் ஒருவர், உண்மை தெரிந்ததும் அதை இடிக்க உத்தரவிட்டாராம். அவளோ தன் கையாலேயே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். பிற்காலத்தில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் பெயரால் இந்த மண்டபம் எழுந்தது. புதுச்சேரி அரசாங்கத்தின் சின்னத்திலும் இது இடம்பெற்றிருக்கிறது. நல்ல கதைதான். ஆனால் பாருங்கள், இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்ட பெண்ணுக்குத்தான் நம் நாட்டில் மண்டபம் கட்டுகிறார்கள். கொஞ்சம் தனக்கென்று வைத்துக்கொண்டவளுக்கு எங்கேயும் மண்டபம் இல்லை!

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் சாயங்காலம் உங்களுக்கு இருப்புக் கொள்ளாது. நாலரை மணியானால் குழந்தைகள் பள்ளியிலிருந்து வந்திருப்பார்களே என்று கை பரபரக்கும். ஹோட்டலில் ஒரே ஓர் இலை போட்டு உட்காரும்போது தொண்டையை அடைக்கும். 'என்ன சுயநலக்காரி நான்!' என்று தோன்றும். உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். வீட்டுக்கு ராத்திரி ஒரு தடவை மட்டும் போன் செய்து பேசுங்கள். மற்ற நேரம் போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டாம் நாள் காலையில், யாருக்கும் காப்பி போடாமல் சூரியோதயத்தைப் பார்ப்பீர்கள். அன்றைக்கு, "எனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்வீர்கள். கல்யாணமாகி எத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி!

திரும்பி வரும்போது வீடு எப்படி இருக்குமென்று நான் உத்தரவாதம் தர முடியாது. தொட்டி நிறையப் பாத்திரம் கிடக்கலாம். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கலாம். ஆனால் கடுகு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை வீட்டுக்காரர் கட்டாயம் தெரிந்துகொண்டிருப்பார். அந்த ஒரு லாபத்துக்காகவாவது போய் வாருங்கள்!