சாதனக் கட்டுப்பாட்டுக் கோரிக்கைகளை ஆக்கும் முறை

கணினி என்றதும் திரையும் சாவிப்பலகையும், அவற்றின்கண் தோன்றும் செய்நிரல்களுமே நம்முட் பெரும்பாலார் நினைவில் எழுவன. அச்செய்நிரல்களுக்கும் வன்தட்டு, அச்சுப்பொறி, வலையமைப்பு அட்டை முதலிய சாதனங்களுக்கும் நடுவே நின்று, கண்ணுக்குப் புலனாகாது தொழில்புரியும் பிறிதொரு வகைச் செய்நிரல் உண்டு. சாதன இயக்கி என்பது அதன் பெயர். படி, எழுது என்னும் இரு ஏவல்களாலேயே சாதனங்களின் வேலை பெரும்பாலும் நடந்தேறும். ஆயினும், 'இத்தட்டின் கொள்ளளவு யாது?', 'இம்முனையத்தின் வேகத்தை மாற்றுக' என்பன போன்றவை படித்தலுள்ளும் அடங்கா, எழுதுதலுள்ளும் அடங்கா. இவற்றிற்கென வகுக்கப்பட்டதே சாதனக் கட்டுப்பாட்டுக் கோரிக்கை.

யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் முனையங்களின் பண்புகளை அறிதற்கும் மாற்றுதற்கும் தொடக்கத்தில் தனித்தனி அழைப்புகள் இருந்தன. 1979இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில், சாதனங்கள் அனைத்திற்கும் பொதுவானதாக ஐஒக்டில் என்னும் ஒரே அழைப்பு இடம்பெற்றது. 1993இல் வெளியான விண்டோஸ் என்.ரி. முறைமையும் இக்கருத்தைத் தனக்குரிய வகையில் அமைத்துக்கொண்டது. அதன் வழிவந்த விண்டோஸ் முறைமைகளில் ஓர் இயக்கி மற்றோர் இயக்கிக்குக் கோரிக்கை விடுக்கும் முறையையே ஈண்டு எடுத்துக்கொள்வோம். பாடநூல்கள் பல இதனை நான்கு வரிகளில் முடித்துவிடுகின்றன. அந்நான்கு வரிகளுள் மறைந்து கிடக்கும் இடர்களோ பல.

சாதாரணச் செய்நிரலொன்று பிழைசெய்தால் அச்செய்நிரல் மட்டுமே மடியும்; அதனை மேற்பார்க்கும் பணிசெயல் முறைமை நிலைத்துநிற்கும். இயக்கியோ அம்முறைமையின் கருப்பகுதியிலேயே இயங்குவது. அது தவறுமாயின் அதனைத் தாங்குதற்கு மேலே எவரும் இலர். பொறி முழுவதும் நின்றுவிடும். 2024 யூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தமை பலர்க்கும் நினைவிருக்கலாம். 21 மதிப்புகளை எதிர்பார்த்த ஓரிடத்தில் 20 மட்டுமே தரப்பட, இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப் போனதே அதன் காரணம். அது சாதனக் கோரிக்கையால் நேர்ந்ததன்று. எனினும், தருபவனும் பெறுபவனும் அளவில் உடன்படாவிடின் கருப்பகுதியில் யாது விளையும் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனிக் கோரிக்கையின் உறுப்புகளைக் காண்போம். முதலாவது கட்டளை எண். இது 32 பிற்றுகள் கொண்டது. மேலுள்ள 16 பிற்றுகள் சாதனத்தின் வகையைக் குறிப்பன. அடுத்த 2 பிற்றுகள் கோருபவனுக்கு இருக்கவேண்டிய உரிமையையும், அதற்கடுத்த 12 பிற்றுகள் வேலையின் இலக்கத்தையும், கடைசி 2 பிற்றுகள் தரவைக் கைமாற்றும் முறையையும் குறிக்கும். தட்டின் நீளத்தை வினவும் கட்டளையை உதாரணமாகக் கொள்வோம். தட்டுச் சாதனத்தின் வகை எண் 7. வேண்டிய உரிமை படித்தல், அதாவது 1. வேலையின் இலக்கம் 23. கைமாற்றும் முறை 0. ஏழினை 65,536 ஆலும், ஒன்றினை 16,384 ஆலும், இருபத்துமூன்றினை 4 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 475,228 வரும். அதுவே கட்டளை எண். மாணவர் இதனைத் தாளில் ஒருமுறை செய்து பார்ப்பாராயின், பொருளற்ற நீண்ட எண்ணாகத் தோன்றுவது தன்னுள் நான்கு விடயங்களைப் பொதிந்து வைத்திருத்தலை உணர்வர். புதிய சாதனத்திற்குத் தாமே கட்டளை வகுப்போர் வேலையின் இலக்கத்தை 2,048 முதல் 4,095 வரையுள் அமைத்தல் வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்டவை மைக்ரோசொப்ட் நிறுவனத்திற்கென ஒதுக்கப்பட்டவை.

கைமாற்றும் முறை என்றோமே, அதுவே இவ்வெண்ணின் உயிர்நிலை. பூச்சிய முறையில் உள்ளீட்டு வெளியீட்டு முகாமையாளர் எனப்படும் பகுதி இடைத்தங்கல் நினைவிடம் ஒன்றை ஒதுக்கி, கோருபவன் தந்த தரவை அதிற் படியெடுத்து அனுப்பும். விடையையும் அதனூடாகவே பெற்றுத் திரும்பப் படியெடுக்கும். சிறிய தரவுகளுக்கு இதுவே தக்கது. 1, 2 என்னும் முறைகளில் பெரிய தரவிடம் படியெடுக்கப்படாது, இருந்த இடத்திலேயே அசையாதவாறு பூட்டப்பட்டுச் சாதனத்திற்குக் காட்டப்படும். 3ஆம் முறையில் முகாமையாளர் எதுவும் செய்யார். முகவரியை அப்படியே கொடுத்துவிடுவார். பெறும் இயக்கி அம்முகவரியைத் தானே சோதித்தல் வேண்டும். சோதித்த பின்னும், பயன்படுத்துமுன் அனுப்பியவன் உள்ளடக்கத்தை மாற்றிவிடக்கூடும். ஆகலின் தக்க காரணமின்றி 3ஆம் முறையை நாடுதல் அறிவுடைமையன்று என்பது எமது துணிபு.

கோரிக்கையை ஆக்கித் தருவது ஐஓ பில்ட் டிவைஸ் ஐஓ கொன்றோல் ரிக்வெஸ்ட் என்னும் நீண்ட பெயருடைய செயற்கூறு. கட்டளை எண், சாதனம், உள்ளீட்டிடமும் அதன் நீளமும், வெளியீட்டிடமும் அதன் நீளமும், இயக்கிகளுக்கிடையே மட்டும் வழங்கும் அகக் கோரிக்கையா என்னும் குறிப்பு, நிகழ்வுக்குறி, நிலைப்பதிவு ஆகியன அதற்குத் தரவேண்டியவை. அது தருவதோ ஐ.ஆர்.பி. எனப்படும் கோரிக்கைப் பொதி. அனுப்புமுன்பே சாதனத்தை ஏன் கூறவேண்டும் என ஒருவர் வினவலாம். இயக்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பவை. பொதியில் ஒவ்வோர் அடுக்கிற்கும் ஓர் ஏடு வேண்டும். எத்தனை ஏடுகள் வேண்டும் என்பது சாதனத்தை அறிந்தாலன்றித் தெரியாது. நினைவகம் போதாதவிடத்துப் பொதி கிடையாது, வெற்றுச் சுட்டியே கிடைக்கும். அதனைச் சோதியாது மேற்செல்வோர் பலர். சோதனைச்சாலையில் நினைவகம் தீர்ந்துபோவதில்லையாதலின் அவர் குறை நெடுநாள் வெளிப்படுவதுமில்லை.

நமது உதாரணத்தில் உள்ளீடு இல்லை; வெளியீடு 8 பைற்றுகள். நிகழ்வுக்குறியை ஒலியாத நிலையில் அமைத்து, பொதியை ஆக்கி, கீழ்நிலை இயக்கிக்கு அனுப்புகின்றோம். அது உடனே முடித்துவிட்டால் முடிவு கையோடு வரும். அல்லாவிடின் 'நிலுவையில் உள்ளது' என்று பொருள்படும் 259 என்னும் எண் வரும். அவ்வெண் வந்தபோது மட்டுமே நிகழ்வுக்குறிக்காகக் காத்திருத்தல் வேண்டும். உடனே பிழையென்று திரும்பிய கோரிக்கைக்கும் காத்திருப்போமாயின், ஒலியாத மணிக்குச் செவிசாய்த்துக்கொண்டே இருக்க நேரிடலாம்.

காத்திருத்தல் எளிதென்று தோன்றும். இடர் மிகுந்த இடம் இதுவே. நிகழ்வுக்குறி, நிலைப்பதிவு, விடைக்குரிய 8 பைற்றுகள் ஆகிய மூன்றும் பெரும்பாலும் கோருபவனது அடுக்கு நினைவிடத்தில் இருப்பவை. அது வாடகை அறை போன்றது. செயற்கூறு முடிந்து திரும்பியவுடன் அவ்வறை வேறொருவர்க்கு உரியதாகிவிடும். ஒருவன் வாடகை அறையின் முகவரியைக் கொடுத்துக் கச்சேரிக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு, பதில் வருமுன் அறையை விட்டுப் போய்விட்டான் என்க. பதில் எப்படியும் அவ்வறைக்கே வரும். புதிதாகக் குடிவந்தவன் கையிற் சேரும். இயக்கியிலும் அஃதே நிகழும். 'ஐந்து வினாடியுள் விடை வாராவிடின் திரும்பிவிடுவேன்' எனக் காலவரை இட்டுக் காத்திருந்து, வாராமையால் திரும்பினான் ஒருவன். ஆறாம் வினாடியில் கீழ்நிலை இயக்கி வேலையை முடித்து விடையை எழுதும். எழுதப்பட்ட இடமோ அப்போது மற்றொரு செயற்கூற்றின் கணக்குகளைத் தாங்கியிருக்கும். அதன் விளைவு அங்கேயே தோன்றாது. தொடர்பற்ற வேறோரிடத்தில், நாள் கழித்துத் தோன்றும். குற்றமற்ற இயக்கியின்மேல் பழி விழும். ஆகலின் காலவரை இட்டோன் அது கடந்தபின் கோரிக்கையை விலக்கிக்கொள்ளுமாறு ஏவி, அது மெய்யாகவே முடிந்தது என்னும் குறி வரும்வரை மீண்டும் காத்திருத்தல் வேண்டும்.

வேறொரு நுட்பமும் உண்டு. காத்திருப்பது கருநிலையிலா பயனர்நிலையிலா என்று கூறவேண்டும். பயனர்நிலை என்றால், காத்திருக்கும் இழையின் அடுக்கு நினைவிடத்தையே முறைமை வன்தட்டிற்கு வெளியேற்றிவிடலாம். நிகழ்வுக்குறி அவ்வடுக்கில் இருக்குமாயின், ஒலிக்கவேண்டிய மணியே அவ்விடத்தில் இராது. எனவே இவ்விடத்துக் கருநிலையே கொள்ளத்தக்கது. மேலும், விடையை உரிய இடத்தில் சேர்க்கும் இறுதிச் செயல் கோரிய இழையிலேயே நடைபெறுவது. அவ்வகைச் செயல்களைத் தடுக்கும் வேகப்பூட்டு ஒன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு காத்திருப்பவன் தன் கதவைத் தானே தாழிட்டுக்கொண்டு விருந்தினரை எதிர்பார்ப்பவனாவான்.

பொதியை அழித்தல் யார் கடன்? இவ்வாறு ஆக்கிய பொதி முடிவுற்றபின் அதனை விடுவிப்பவர் முகாமையாளரே. கோருபவனும் விடுவித்தால் ஒரே நினைவிடம் இருமுறை விடுவிக்கப்பட்டுப் பெருங்கேடு விளையும். ஐஓ அலொக்கேற் ஐ.ஆர்.பி. என்னும் வேறொரு செயற்கூற்றால் ஆக்கிய பொதிகளைக் கோருபவனே விடுவிக்கவேண்டும். தோற்றத்தில் இரண்டும் ஒன்றேயாதலால் இங்கு மயங்குதல் எளிது.

நம்பிக்கை பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். கருப்பகுதியிலிருந்து எழும் கோரிக்கையைப் பெறும் இயக்கி, அதிலுள்ள முகவரிகள் ஏலவே ஆராயப்பட்டவை எனக் கொள்ளும். சாதாரணச் செய்நிரல் தந்த முகவரியை ஆராயாது தன் கோரிக்கையில் வைத்து அனுப்பும் இயக்கி, தன் அதிகாரத்தைப் பிறனுக்கு இரவல் கொடுத்ததாகும். பாதுகாப்புக் குறைபாடுகள் பல இவ்வழியாகவே நுழைந்துள்ளன.

விடை வந்தபின் நிலைப்பதிவில் இரண்டைக் காணலாம்: ஒன்று வெற்றியா பிழையா என்பது, மற்றது எத்தனை பைற்றுகள் தரப்பட்டன என்பது. வெற்றி என்றிருந்தாலும், தரப்பட்டது 8 பைற்றுகள்தாமா என நோக்கியபின்னரே அதனைத் தட்டின் நீளமாகக் கொள்ளவேண்டும். விடை தரும் இயக்கிக்கும் இதே கணக்கில் பொறுப்பு உண்டு. 8 பைற்றுகள் எழுதிவிட்டு 64 தந்தேன் என்று கூறுமாயின், எஞ்சிய 56 பைற்றுகளில் முன்பு கிடந்தது எதுவோ அதுவும், பிறரது கடவுச்சொல்லாயினும், படியெடுக்கப்பட்டுக் கோரியவன் கையிற் சேரும்.

கோரிக்கை 32 பிற்றுச் செய்நிரலிலிருந்து எழுந்து 64 பிற்று இயக்கியைச் சேரும்போது, தரவமைப்பினுள் சுட்டிகள் இருக்குமாயின் அவற்றின் நீளம் 4 பைற்றுகளோ 8 பைற்றுகளோ என்னும் மயக்கம் எழும். அத்தகைய கோரிக்கையை அடையாளங்கண்டு இயக்கி வேறாகக் கையாளவேண்டும். தட்டின் நீளம் கூறும் அமைப்பிலோ சுட்டியெதுவும் இல்லை. எந்தச் செய்நிரல் வினவினும் அது 8 பைற்றுகளே.