சுட்ட இறைச்சியும் நமது வியாபாரமும்

மஸ்கெலியாவில் தோட்டச் சம்பள நாள் மாலையில், தணலில் சுடும் இறைச்சியின் மணம் கடைத்தெருவெங்கும் பரவும். நாளாந்தம் ரொட்டியும் சம்பலும் உண்ணும் குடும்பத்திற்கு அந்தப் பொதி ஒரு விருந்து. அதில் நாம் எதைக் கொடுக்கிறோம்?

தோல் நீக்கிச் சுட்ட கோழி நெஞ்சிறைச்சி 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம் உண்டு. மாட்டிறைச்சி தரும் இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். கூடவே உண்ணும் ரொட்டி, கீரையிலுள்ள இரும்புச்சத்தை உறிஞ்சவும் அது உதவும்.

ஆனால் இறைச்சி கருகும்போதும், கொழுப்பு நெருப்பில் சொட்டிப் புகையும்போதும் புற்றுநோயுடன் தொடர்புள்ள இரசாயனங்கள் உண்டாகின்றன. ஆகவே சுவாலையில் வாட்டாமல் தணலில் சுடுங்கள். கருகியதை வெட்டி வீசுங்கள். அதற்காக உள்ளே வேகாமலும் விடக்கூடாது. பச்சை இறைச்சி ஊறிய மசாலாவை வெந்ததன் மேல் பூசாதீர்கள்.

பல வருடங்களுக்கு முன், மிஞ்சியதை வெளியில் வைத்து மறுநாள் சூடாக்கி விற்றேன். வாங்கியவர் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றோட்டம். சில கிருமிகள் விடும் நஞ்சு சூடாக்கினாலும் அழியாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நான் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். அந்தக் குடும்பம் மீண்டும் என் கடைப்படி ஏறவில்லை.

சமைத்த இறைச்சியை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் ஆறவிடாதீர்கள். ஹலால் என்று பலகை மாட்டுவதுடன் நமது பொறுப்பு முடிவதில்லை.

இன்னொன்று, தேயிலை நாட்டில் சொல்லத் தயக்கம்தான். சாப்பாட்டுடன் குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், தேசிக்காய்ப்புளி கூட்டும். பொதியில் ஒரு தேசிக்காய்த் துண்டு வையுங்கள். பிளேன்டீ ஒரு மணித்தியாலம் கழித்து இருக்கட்டும்.