நிரல்படு தருக்கச் சில்லுகளில் நினைவகத் தெரிவு: குலசேகரன்பட்டின ஏவுதளத்தை முன்வைத்து

முத்துக்குளித்துறைக் கடற்கரையில், தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில், இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்திற்கு 28.02.2024 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவச் சுற்றுப்பாதைக்குச் செல்லும் ஏவூர்தி இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டியுள்ளது. 500 கி.கி. வரை சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி.க்கு இவ்வளைவால் நேரும் எரிபொருள் இழப்பு பெரிது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கு நோக்கிச் செலுத்தலாம். ஆயினும் சிறு செயற்கைக்கோளில் எடையும் மின்திறனும் என்றும் அருமையானவையே. அதன் மின்னணுச் சில்லுகளைத் தெரிவதிலும் இந்நெருக்கடி வெளிப்படுகிறது.

எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் நிரல்படு தருக்கச் சில்லு, சிறு உண்மை அட்டவணைகளாலும் அவற்றை இணைக்கும் கம்பித்தடங்களாலும் ஆனது. 4 உள்ளீட்டு அட்டவணைக்கு 16 பிட்கள் வேண்டும். 6 உள்ளீட்டுக்கு 64. கம்பித்தட இணைப்பிகளைக் கட்டுப்படுத்தும் பிட்கள் இவற்றினும் மிகுதி. இப்பிட்கள் எதில் எழுதப்படுகின்றன என்பதே சில்லின் இயல்பைத் தீர்மானிக்கிறது.

எஸ்ரேமில் எழுதினால், ஒரு பிட்டுக்கு 5 அல்லது 6 டிரான்சிஸ்டர்கள் செலவாகும். மின்சாரம் நின்றால் யாவும் அழியும். ஆனால் வழக்கமான உற்பத்தி முறையே போதுமாதலால் புதிய தலைமுறை நுட்பம் இவ்வகைக்கே முதலில் கிட்டுகிறது. எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். விண்வெளியிலோ, ஓர் ஆற்றல்மிகு துகள் ஒரு பிட்டைப் புரட்டினால் தரவு மட்டுமன்றிச் சுற்றே வேறொன்றாகிவிடுகிறது. ஆன்டிஃபியூஸ் வகைக்கு இவ்விடர் இல்லை. இணைப்பு நிலையாக உருவாகிவிடும். எனினும் ஏவியபின் வடிவமைப்பில் பிழை தெரிந்தால் திருத்த வழியில்லை. ஃபிளாஷ் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதன் அமைப்பு பிட்கள் எளிதில் புரள்வதில்லை. நாட்பட்டுத் திரளும் கதிர்வீச்சால் மின்னூட்டம் கசியும்.

2002 டிசம்பரில் ஏவப்பட்ட ஆஸ்திரேலியாவின் ஃபெட்சாட், மாற்றி எழுதத்தக்க எஸ்ரேம் வகையைச் சுற்றுப்பாதையில் சோதித்தது. இவ்வகையைக் காக்க இரு உத்திகள் உள்ளன: அமைப்பு பிட்களை இடைவிடாது படித்துத் திருத்துதல், ஒரே சுற்றை மூன்றாக அமைத்துப் பெரும்பான்மை விடையை ஏற்றல். பின்னது பரப்பையும் மின்திறனையும் மும்மடங்கிற்கு மேல் உயர்த்துகிறது. படச்செயலாக்கத்தில் ஒரு பிழை ஒரு படத்தைக் கெடுப்பதோடு நிற்கும்; அங்கு எஸ்ரேம் பொருந்தும். கட்டளை ஏற்கும் சுற்று பிழைத்தால் செயற்கைக்கோளே கைவிட்டுப் போகலாம். அங்கு ஆன்டிஃபியூஸின் மாறாமையே சிறந்தது. மேலும், பெரும்பான்மை காணும் சுற்றும் அதே எஸ்ரேம் பிட்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆதலின் அதனையும் மூன்றாக்க வேண்டியிருக்கிறது.