முதல் மோட்டார் சைக்கிள் பழையதாக இருந்தால்...

பிள்ளைக்கு முதல் நியமனம் கிடைத்துவிடுகிறது. பாடசாலையோ கந்தோரோ இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில் இருக்கும். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடுதான். அந்த வாரத்திலேயே வீட்டில் மோட்டார் சைக்கிள் பேச்சு தொடங்கிவிடுகிறது. வாப்பா கையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்க்கிறார். உம்மா விபத்துக்களை நினைத்து மௌனமாக இருக்கிறார். மகன், சந்தியில் விற்பனைக்கு நிற்கும் ஒரு பழைய வண்டியின் பளபளப்பை ஏற்கனவே மனத்தில் பதித்து வைத்திருக்கிறார்.

புதியதை வாங்கலாமே என்று கேட்பது எளிது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஓடக்கூடியது எதுவாயினும் விலையேறியது. முன்னர் பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுக்கப்பட்ட வண்டிகள்கூட வர்ணம் பூசப்பட்டு வீதிக்கு வந்தன. 2022இல் பெற்றோலுக்கு கியூ.ஆர். முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றானபோது, குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம் ஓடும் சிறிய ஹோண்டாக்களின் அருமை பலருக்கும் விளங்கியது. ஆகவே "பழையது என்றால் மலிவு" என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். பழைய வண்டியின் விலை இரண்டு தவணைகளில் கொடுக்கப்படுகிறது: ஒன்று விற்பவருக்கு, மற்றது கராஜுக்கு. கையில் இருக்கும் தொகை முழுவதையும் விற்பவரிடமே கொடுத்துவிடாமல், குறைந்தது நான்கில் ஒரு பங்கை டயர், பிறேக், செயின் ஆகியவற்றுக்கென ஒதுக்கி வைத்துவிட்டு மிகுதிக்குள் தேடுவதே எனது அபிப்பிராயம்.

எந்த வண்டி?

புதிதாக ஓட்டப் பழகுபவருக்கு இலேசான பாரமும், குறைந்த வலுவும், எந்த ஊரிலும் கிடைக்கும் உதிரிப்பாகங்களும் வேண்டும். இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஹோண்டா சுப்பர் கப் குடும்பமே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. 1958இல் ஜப்பானில் அறிமுகமான இந்த வண்டி, 2017இல் உற்பத்தியில் பத்துக் கோடியைத் தாண்டியது. வேறெந்த மோட்டார் வாகனமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. எமது வீதிகளில் சி50, சி70, சி90 என்ற பெயர்களில் ஓடுபவையும், ஜப்பானியத் தபாற்காரர்கள் பாவித்து பின்னர் இங்கே வந்து சேர்ந்த எம்.டி.90 வண்டிகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. சின்னச் சில்லுகளோடு வரும் சாலியும் இதற்கு உறவுதான்.

இவற்றில் கையால் பிடிக்கும் கிளச் இல்லை. கியர் மிதியை அழுத்தும்போது கிளச் தானாகவே விடுபடுகிறது. சந்தியில் நிற்கும்போது எஞ்சின் நின்றுபோய்ப் பின்னால் வரும் பஸ்காரர் ஹோன் அடிக்கும் அவமானம் புதியவருக்கு இல்லை. செயின் முழுவதையும் தகரப் பெட்டி மூடியிருப்பதால் அபாயாவின் ஓரமோ சேலைத் தலைப்போ செயினில் சிக்கும் ஆபத்தும் குறைவு. பாடசாலைக்குச் செல்லும் எமது ஆசிரியைகள் பலர் சாலியை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணமென்றே கருதுகின்றேன். ஆயினும் பின்சில்லுக் கம்பிகள் திறந்தே இருக்கின்றன. பின்னால் அமர்பவர் உடையை ஒடுக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த நிலையில் ஹோண்டா சி.டி.125 பென்லி. இரட்டைச் சிலிண்டர், நடுக்கமில்லாத ஓட்டம், இருவர் ஏறினாலும் மேட்டில் மூச்சு வாங்காது. ஆனால் இரண்டு சிலிண்டர் என்றால் திருத்த வேலையும் சற்றுக் கூடுதல். மேலும் சாரதி அனுமதிப் பத்திரத்தில் ஏ1 வகுப்பு 100 சி.சி.க்கு மேற்படாத வண்டிகளுக்கு மட்டுமே உரியது. 125க்கு ஏ வகுப்பு வேண்டும். வண்டியை வாங்கிய பின்னர் அனுமதிப் பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சி.டி.200 ரோட்மாஸ்டர் அருமையான வண்டி. ஆனால் விழுந்தால் தூக்கி நிறுத்தத் தெம்பு வேண்டும். முதல் வண்டியாக வேண்டாம்.

பி.எஸ்.ஏ., ட்ரையம்ஃப் போன்ற ஆங்கிலேய வண்டிகளில் மனம் பறிகொடுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட பி.எஸ்.ஏ. பான்டம் இன்றும் சிலரது வீடுகளில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் அக்கால ஆங்கிலேய வண்டிகளில் கியர் மிதி வலது காலிலும் பின் பிறேக் இடது காலிலும் இருக்கும். இன்றைய வண்டியில் பழகிய ஒருவர் பதற்றத்தில் பிறேக் என்று நினைத்து மிதிப்பது கியராக இருக்கும். ஒரு மாடு குறுக்கே வரும் நேரத்தில் கால்களை யோசித்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டாவது வண்டியாக, ஓய்வு நாளில் ஓட்டுவதற்கு அவை பொருந்தும்.

சைலன்சரை வெட்டி, மட்காட்டைக் கழற்றி, ஹாண்டிலைத் தாழ்த்தி "ரேசர்" ஆக்கிய பழைய வண்டிகளை நான் எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். எதை வெட்டினார்கள் என்பது வெட்டியவருக்கு மட்டுமே தெரியும்.

பார்க்கும் முறை

வண்டி பார்க்கப் பகலில் செல்லுங்கள், மழையில் செல்லாதீர்கள். நனைந்த வண்டி எல்லாம் புதிதாகவே தெரியும். வரும் முன்னர் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்துங்கள். ஓர் இடத்தில் நன்றாக எதிர்த்து நிற்க வேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கினால் சிலிண்டரில் அழுத்தம் இல்லை.

புகை நிறைய விடயங்களைச் சொல்லும். குளிர்ந்த காலையில் சிறிது வெண்புகை வந்து மறைவது வெறும் ஈரம். கருப்புப் புகை காபரேட்டரில் பெற்றோல் மிகுதி; அது சிறிய செலவு. நீலப் புகைதான் கவலைக்குரியது, ஏனெனில் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வேகம் கூட்டும்போது நீலம் வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங். வேகத்தைக் குறைத்து மீண்டும் கூட்டும் கணத்தில் வந்தால் வால்வு கைட்டும் சீலும். இரண்டுமே எஞ்சினைப் பிரிக்காமல் தீராது. (டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் எண்ணெய் கலந்தே எரிவதால் இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.)

இவையெல்லாம் எஞ்சினைப் பற்றியவை. எஞ்சினைத் திருத்தலாம். துருப்பிடித்த சட்டத்தைத் திருத்துவதுதான் கடினம். கப் வண்டிகளின் சட்டம் குழாயால் ஆனதன்று; தகட்டை அழுத்திச் செய்தது. அதனுள்ளே நீரும் சேறும் தங்கினால் உள்ளிருந்து அரிக்கும், வெளியே வர்ணம் மினுங்கிக்கொண்டிருக்கும். எமது ஊர்களிற் பல கடலோரத்தில் இருப்பதை மறக்க வேண்டாம். உப்புக்காற்றில் முற்றத்தில் நின்ற வண்டியும், மலைநாட்டில் கூரையின் கீழ் நின்ற வண்டியும் ஒரே வருடத்தைச் சேர்ந்தவையாயினும் ஒன்றல்ல. வண்டியைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பற்றரிப் பெட்டியின் கீழும், பின் ஃபோர்க் பொருந்தும் இடத்திலும் ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் வர்ணத்தின் கீழே பட்டியும் துருவும்தான்.

பின்னர் நடு ஸ்டான்டில் நிறுத்தி, முன் சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, ஹாண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கழுத்துப் பெயாரிங் போய்விட்டது. பின் சில்லைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் புஷ் தேய்ந்திருப்பது தெரியும். செயின் பெட்டியின் ரப்பர் மூடியைக் கழற்றிச் செயினைத் தொட்டுப் பார்க்கலாம். தொளதொளவென்றிருந்தால் ஸ்பொக்கட்டின் பற்களும் கொக்கிபோல் வளைந்திருக்கும். மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டயரில் பூ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் வந்த டயர்களில் பெரும்பாலும் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு வட்டத்துள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பூ நிறைய இருந்தும் பக்கங்களில் வெடிப்பு விழுந்த டயர், மழை வீதியில் எவரையும் ஏமாற்றிவிடும்.

லைட்டைப் போட்டுப் பார்க்க மறவாதீர்கள். பழைய 6 வோல்ட் வண்டிகளில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது முன்விளக்கு மெழுகுவர்த்தி போன்றே எரியும். வயல் வீதியில் விளக்கில்லாத உழவு இயந்திரம் நிற்கும் எமது பகுதிகளில் அது போதாது. இரவில் ஓட வேண்டியவர் 12 வோல்ட் வண்டியைத் தேடுவதே நல்லது.

மீற்றர் காட்டும் கிலோமீற்றரை நான் வாசிப்பதே இல்லை.

பத்திரங்கள்

இளைஞர்கள் அவசரப்படுவதும், பின்னர் வருடக்கணக்கில் அலைவதும் இந்த இடத்தில்தான். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பழைய கப் வண்டிகளில் வேறு எஞ்சினை மாட்டுவது வழக்கம். பதிவில் 50 சி.சி. என்றிருக்க, வண்டியில் சீன 110 ஓடிக்கொண்டிருக்கும். இலக்கத்தைச் சுற்றி உரசிய அடையாளமோ, புதிய வர்ணமோ இருந்தால் பேச்சை நீட்டாமல் ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

"ஓபன் பேப்பர்" என்ற பழக்கம் எம்மிடையே மிகவும் பரவியிருக்கிறது. பதிவு உரிமையாளர் ஒப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு வண்டி நான்கு கைகள் மாறி வரும். முதல் உரிமையாளர் வெளிநாடு போயிருப்பார், அல்லது மௌத்தாகியிருப்பார். அந்த ஒப்பத்தை நம்பி வாங்குபவர் பின்னர் வாரிசுகளைத் தேடிப் பல மாவட்டங்கள் ஏற வேண்டியிருக்கும். இடையில் யாரோ செய்த குற்றத்துக்கான அழைப்பாணை வேறொருவரின் வீட்டுக் கதவைத் தட்டும். உரிமை மாற்றத்தை 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பதிவு உரிமையாளரை நேரில் காணாமல் பணம் கொடுக்க வேண்டாம். சான்றிதழில் "முழுமையான உரிமையாளர்" என்ற இடத்தில் ஏதேனும் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்தக் கடன் தீர்ந்ததற்கான கடிதம் வேண்டும். வருமான அனுமதிப் பத்திரம் பல வருடங்களாகப் புதுப்பிக்கப்படாதிருந்தால் அந்த நிலுவையும் புகைப் பரிசோதனைச் செலவும் விலையில் கழிக்கப்பட வேண்டியவை.

விற்பவருக்கும் ஒரு சொல் உண்டு. குறையை மறைத்து விற்பது எமது மார்க்கத்தில் மோசடியாகும். பொருளில் ஏற்கனவே இருந்த, வாங்கியவர் அறியாத குறை வெளிப்பட்டால் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹ் நூல்கள் "கியாருல் ஐப்" என்று பேசுகின்றன. மூன்று நாட்களுக்கு மேற்படாத தவணை வைத்து, விரும்பாவிடில் முறித்துக்கொள்ளலாம் என்று நிபந்தனையிடுவதற்கும் ஷாபிஈ மத்ஹபில் இடமுண்டு. அது "கியாருஷ் ஷர்த்". எமது இளைஞர்கள் மத்ரஸாவில் இப்பாடங்களை ஓதிவிட்டு, சந்தியில் பழைய வண்டி வாங்கும்போது அவற்றை நினைப்பதேயில்லை. பேரம் முடியும்போதே "மூன்று நாள் ஓட்டிப் பார்க்கிறேன், காக்கா" என்று கேட்டு, இரண்டு சாட்சிகளோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல வண்டியை விற்பவர் இதற்குப் பெரும்பாலும் மறுப்பதில்லை. மறுப்பவரிடம் காரணம் கேட்டுப் பாருங்கள்.

வாங்கிய பின்

முதல் மாதம் பின்னால் எவரையும் ஏற்ற வேண்டாம், உம்மாவையும்கூட. பின்னால் ஒருவர் ஏறியதும் பிறேக் பிடிக்கும் தூரமும், திரும்பும் தன்மையும் வேறாகிவிடுகின்றன. இருவருக்கு நடுவில் பிள்ளையை நெருக்கி மூவராகச் செல்வது சட்ட விரோதம் என்பது தெரிந்தும் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் வீதியில் நாம் காணும் காட்சி அதுவே. எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ள தலைக்கவசத்துக்கு வண்டியின் விலையிலேயே பணம் ஒதுக்குங்கள். தலைக்கவசத்தைப் பழையதாக வாங்க வேண்டாம். ஒருமுறை அடிபட்டது வெளியே தெரியாது.

வெறுமையான மைதானம் ஒன்றில், அஸருக்குப் பின் ஒரு வாரமாவது நிறுத்திப் பழகுங்கள். ஓடப் பழகுவது பெரிய காரியமன்று. பழைய வண்டிகளின் டிரம் பிறேக் இன்றைய டிஸ்க் பிறேக்போல் கடிக்காது. முன்னதாகவே பிடிக்கத் தொடங்க வேண்டும். முன் பிறேக்கைத் தொடாமல் பின்னதை மட்டுமே மிதிப்பவர்கள் நிற்பதற்கு வேண்டிய வலுவின் பெரும்பகுதியைப் பாவிக்காமலே விடுகிறார்கள். பழைய கப் வண்டிகளில் முன் பிறேக்கைப் பிடித்தால் முன்பக்கம் சற்று மேலெழும். அந்த முன் ஃபோர்க்கின் அமைப்பு அப்படி. முதலில் அது பயத்தைத் தரும், பிறகு பழகிவிடும்.

எஞ்சின் எண்ணெயை வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். கப் எஞ்சினில் ஒரு லீற்றருக்கும் குறைவான எண்ணெயே இருக்கிறது. கிளச்சும் கியரும் அதே எண்ணெயில்தான் ஓடுகின்றன, கடதாசி ஃபில்டரும் கிடையாது. பிளக்கைக் கழற்றி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பொயின்ட் உள்ள வண்டியாயின் அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 வரை. இவ்விரண்டையும் அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்றை வாங்கி சீட்டின் கீழ் வைத்துக்கொண்டால், பாதி வழியில் வண்டி நின்றுபோகும் நாட்களிற் பல கராஜ் வரைக்கும் போகாமலே முடிந்துவிடும்.