ஒரு இலை, ஒரு தேதி, ஒரு பேரு: குற்றாலச் சாரலில் ஆர்ட் ஜர்னல்

ஜூன் மாசம் பிறந்துட்டா தென்காசிக்காரங்க ஃபோனுக்கு வர்ற முதல் கேள்வி ஒன்னுதான்: "குத்தாலத்துல தண்ணி விழுதா?" கேட்குறவங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ இருப்பாங்க. விழுதுன்னு சொன்னா போதும், சனிக்கிழமை கிளம்பி வந்து, குளிச்சு, பார்டர் புரோட்டா சாப்பிட்டு, ஞாயித்துக்கிழமை ராத்திரி ஊர் திரும்பிடுவாங்க. அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா இந்த எபிசோட் குளிக்கிறதைப் பத்தி இல்ல. அருவிக்குப் போற ரோட்டுல தினமும் 20 நிமிஷம் நடந்து, பார்த்ததை ஒரு நோட்டுல வண்ணமும் காகிதமும் எழுத்துமா சேர்த்து வைக்கிறதைப் பத்தி.

இதுக்கு இன்ஸ்டாகிராம்ல 'மிக்ஸட் மீடியா ஆர்ட் ஜர்னல்'னு பேரு. ஒரே பக்கத்துல வாட்டர்கலர் இருக்கும், ஒட்டின பஸ் டிக்கெட் இருக்கும், இலையோட அச்சு இருக்கும், நடுவுல நாலு வரி கையெழுத்தும் இருக்கும். ரீல்ஸ்ல பார்க்க ரொம்ப அழகா இருக்கும். அந்த அழகுதான் பல பேரைத் தொடங்க விடாம பயமுறுத்துது. "எனக்கு வரையவே வராது"ங்கிற மெசேஜ்தான் எனக்கு அதிகமா வருது. அதுக்கு நான் சொல்ற பதில், பக்கத்தோட மூலையில மூணே மூணு விஷயம் இருந்தா போதும்: எங்கே, எப்போ, யார். இந்த மூணும் இருந்தா படம் சுமாரா இருந்தாலும் அந்தப் பக்கத்துக்கு மதிப்பு உண்டு. ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னா, இதே குற்றாலத்துல ஒருத்தர் செஞ்சு வெச்ச வேலை நம்ம கையில இருக்கு.

சுமார் 190 வருஷத்துக்கு முந்தின பக்கங்கள்

ராபர்ட் வைட் ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவரா 1819-ல சென்னைக்கு வந்தார். அவருக்குப் பைத்தியம் எல்லாம் செடிகள் மேல. 1834-லிருந்து 1836 வரைக்கும் பாளையங்கோட்டையில வேலை. அங்கிருந்து குற்றாலம் பக்கம்தானே? வந்து வந்து செடிகளைச் சேகரிச்சார். குற்றாலத்துத் தாவரங்களைப் பத்தித் தனியா கட்டுரையே எழுதினார்.

அவர் தயார் பண்ணினது ஹெர்பேரியம் தாள்கள். செடியைக் காகிதத்துக்கு நடுவுல வெச்சு அழுத்தி, நல்லா காய வெச்சு, ஒரு தாள்ல பதிச்சு, ஓரத்துல சீட்டு ஒட்டுறது. சீட்டுல செடியோட பேரு, கிடைச்ச இடம், தேதி, எடுத்தவர் பேரு இருக்கும். காய்ஞ்ச செடியில நிறமும் வடிவமும் மாறிடும் இல்லையா? அதுக்காகப் பக்கத்துலயே ஓவியரை வெச்சு படமும் வரைய வெச்சார். யோசிச்சுப் பாருங்க. காய்ஞ்ச இலை, ஓவியம், கையெழுத்துக் குறிப்பு. நாம இன்னைக்கு மிக்ஸட் மீடியான்னு சொல்ற பக்கத்துக்கு இதுதான் பாட்டி.

வரைஞ்சவங்க ரெண்டு பேர்: ரங்கையா, அவருக்குப் பிறகு கோவிந்து. வைட் 1838-லிருந்து 1853 வரை ஆறு தொகுதிகளா வெளியிட்ட 'ஐக்கோனிஸ் பிளான்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்'ங்கிற நூல்ல 2,101 படத்தட்டுகள் இருக்கு. பெரும்பாலும் வண்ணம் பூசாத கோட்டுப் படங்கள். பல செடிகளுக்குக் கிடைச்ச இடம் குற்றாலம்னு போட்டு, எந்த மாசம் பூக்கும்னும் எழுதியிருப்பார். அந்த ஒரு வரியாலதான் இன்னைக்கு ஒரு தாவரவியல் மாணவி, அந்தச் செடி அதே மலையில இப்பவும் இருக்கா, அதே மாசத்துல பூக்குதான்னு தேடிப் பார்க்க முடியுது. வெறும் படம் மட்டும் மிஞ்சியிருந்தா அதைச் சுவத்துல மாட்டி ரசிக்கலாம், அவ்வளவுதான்.

'யார்'ங்கிற கேள்விக்கு வருவோம். அந்தக் காலத்துல கம்பெனிக்காரங்களுக்காக வரைஞ்ச நம்ம ஊர் ஓவியர்கள்ல பல பேரோட பேரே நமக்குத் தெரியாது. ரங்கையா, கோவிந்து பேரு தெரியுதுன்னா, காரணம் அது படத்தோட சேர்த்து அச்சானதுதான். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா'ன்னே வைட் பேரு வெச்சார். பின்னாடி அந்தச் செடியை வேற பேரினத்துல சேர்த்துட்டதால அந்தப் பேரு இப்போ புழக்கத்துல இல்ல. ஆனா ஓவியரோட பேரு நிக்குது. 2007-ல ஹென்றி நோல்ட்டிங்கிற தாவரவியலாளர் வைட்டைப் பத்தி எழுதின புத்தகத்தோட தலைப்புலயே ரங்கையா, கோவிந்து ரெண்டு பேரும் இருக்காங்க. அதனால உங்க பக்கத்துல உங்க பேரைப் போடக் கூச்சப்படாதீங்க.

முதல்ல நடை, அப்புறம் நோட்டு

எங்க ஊர் காலநிலை ஒரு அதிசயம். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுலதான் கொட்டும். ஆனா செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர்ல ஒரு கணவாய் இருக்கு. அது வழியா புகுந்து வர்ற காத்து, பொடிப்பொடியா தூறலைத் தூக்கிட்டு வரும். அதுதான் சாரல். வெயில் அடிக்கும்போதே நனைப்போம். தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசல்ல நின்னவங்களுக்கு அந்தக் காத்தோட வேகம் தெரியும். அப்படிப்பட்ட நாள்ல நடக்கப் போறவங்களுக்கு என்னோட விதிகள் கொஞ்சம்தான்.

தினமும் ஒரே பாதை. புது இடம் தேடி அலைய வேண்டாம். சிற்றாத்தங்கரை, குளத்துக்கரை, வயல் வாய்க்கால், எதுவா இருந்தாலும் அதே 20 நிமிஷம். பாதை மாறாம இருந்தாத்தான் மாறுறது கண்ணுல படும். நேத்து வரைக்கும் இல்லாத தும்பி இன்னைக்கு வாய்க்கால் மேல பறக்குதுன்னா, நேத்து நீங்க அங்க நடந்திருந்தாத்தானே அது செய்தி?

ஒரு நாளைக்கு ஒரே ஒரு பொருள். ஒரு இலை, ஒரு கொக்கு, பாறையில இருக்கிற ஒரு பாசித் திட்டு. நின்னு 5 நிமிஷம் பாருங்க. அதுவரைக்கும் ஃபோனை எடுக்காதீங்க. கேமரா ஒரு நொடியில எல்லாத்தையும் எடுத்துடும், நாம எதையும் பார்த்திருக்க மாட்டோம். வரையும்போது இலையோட விளிம்புல பல் இருக்கா இல்லையான்னு கண்ணு தேடியே ஆகணும்.

பையில பென்சில் வேணும், பேனா வேண்டாம். சாரல்ல மை கரையும், பென்சில் கோடு நிக்கும். ஒரு சின்ன நோட்டு, ரெண்டு கிளிப், பழைய நியூஸ்பேப்பர் நாலு தாள், தண்ணி புகாத ஒரு கவர். குற்றாலத்துல கையில பளபளன்னு கவர் தொங்கினா குரங்கு வந்து கேட்காமலே வாங்கிக்கும், அதனால எல்லாம் பைக்குள்ள இருக்கட்டும்.

பக்கம் எப்படி எழும்புது

வீட்டுக்கு வந்ததும் வேலை. நோட்டு வாங்கும்போது 200 ஜிஎஸ்எம்முக்கு மேல தடிமன் இருக்கிற தாளா பாருங்க. சாதாரண நோட்டுத் தாள் தண்ணி பட்டா அப்பளம் மாதிரி சுருண்டுடும்.

வரிசை ரொம்ப முக்கியம். ஈரமான வேலை முதல்ல, காய்ஞ்ச வேலை கடைசியில. முதல் அடுக்கு பின்னணி: ஆறின டீ டிகாக்‌ஷனையோ, செம்மண் கரைச்சு வடிகட்டின தண்ணியையோ பிரஷ்ல பூசி முழுசா காய விடுங்க. ரெண்டாவது அடுக்கு காகிதம்: பஸ் டிக்கெட், பேப்பர்ல வந்த அருவிச் செய்தியோட துண்டு. ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணி விட்டு இளக்கி மெல்லிசா தடவினா போதும். மூணாவது அடுக்கு இலை. நாலாவது பென்சில் படம். எழுத்து கடைசி.

அருவி வரைய ஒரு சுலபமான வழி. வெள்ளை மெழுகுவத்தியால தண்ணி விழுற இடத்துல அழுத்திக் கோடு போடுங்க. அதுக்கு மேல நீலமோ சாம்பலோ பூசினா, மெழுகு இருக்கிற இடத்துல வண்ணம் ஒட்டாது. தண்ணி வெள்ளையா தானே இறங்கி வரும். இதை மட்டும் பின்னணி பூசுறதுக்கு முன்னாடியே பண்ணிடணும்.

இலையைப் பச்சையா ஒட்டாதீங்க. சாரல் காலத்துல காத்துலயே ஈரம் இருக்கும், ஒரு வாரத்துல பூஞ்சை பிடிச்சு பக்கத்துப் பக்கமும் கெட்டுடும். ஹெர்பேரியம் முறைதான் சரி: நியூஸ்பேப்பருக்கு நடுவுல இலை, மேல கனமான புத்தகங்கள், தினமும் பேப்பர் மாத்தணும். மாத்துறதுதான் ரகசியம், ஈரத்தை இழுக்கிறது பேப்பர்தானே. பொறுமை இல்லாதவங்க அச்சு எடுங்க: நரம்பு புடைச்சிருக்கிற இலையோட பின்பக்கத்துல வண்ணம் தடவித் தாள்ல அழுத்துங்க. இல்லன்னா இலையைத் தாளுக்கு அடியில வெச்சு மேல கிரேயானைப் படுக்க வெச்சு தேய்ங்க. ரெண்டுலயும் நரம்போட பாதை அப்படியே வந்துடும்.

நிறத்துக்கு அடுக்களையே போதும். மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்த்தா சிவப்பு. ஆரத்தித் தட்டுல நாம பார்த்ததுதான். சங்குப்பூவை வெந்நீர்ல போட்டா நீலம், அதுல எலுமிச்சை பிழிஞ்சா ஊதா, ஆப்ப சோடா போட்டா பச்சை. கடுக்காய் ஊறின தண்ணியில துருப்பிடிச்ச ஆணியைப் போட்டு வெச்சா கருப்பு. இதுல மஞ்சளும் சங்குப்பூவும் வெளிச்சம் பட்டா வெளுக்கும், நோட்டை மூடியே வைங்க.

மண்ணு, செடி நிறங்களோட பெருமை தெரியணும்னா குற்றாலத்துலயே சித்திர சபைக்குப் போங்க. நடராசருக்கு ஐந்து சபைன்னு சொல்வோம். சிதம்பரத்துல பொன், மதுரையில வெள்ளி, திருநெல்வேலியில தாமிரம், திருவாலங்காட்டுல ரத்தினம், குற்றாலத்துல சித்திரம். இங்க மட்டும் ஆடல்வல்லான் சுவர்ல ஓவியமாவே இருக்கார். ஓவியத்தையே சாமியா கும்பிடுற ஊர்ல உக்காந்து "எனக்கு வரைய வராது"ன்னு சொல்லலாமா?

எடுக்கக் கூடாதது, உக்காரக் கூடாத இடம்

அருவிகளுக்கு மேல இருக்கிறது காப்புக்காடு. அங்க இலை, பூ, விதை எதையும் பறிக்கிறது சட்டப்படி குற்றம். அனுமதி இல்லாம உள்ள போகவும் கூடாது. நமக்கு ரோட்டோரம் உதிர்ந்து கிடக்கிறது போதும். உதிர்ந்த இலையில பூச்சி அரிச்ச ஓட்டை, மஞ்சள் ஏறின விளிம்புன்னு கதையும் அதிகம்.

தண்ணி ஓரம் உக்காந்து வரையணும்னு ஆசை வரும். மலை மேல மழை பெய்யுறது கீழ நிக்கிற நமக்குத் தெரியாது. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளத்துல ஒரு பள்ளி மாணவர் உயிரிழந்தார். மேற்கே மலை கருத்திருந்தாலோ, தண்ணி கலங்கி வந்தாலோ, போலீஸ் தடை போட்டிருந்தாலோ அன்னைக்கு ரோட்டுல இருந்து வரைஞ்சா போதும்.

இது யாருக்கு உதவும்?

திருநெல்வேலி–தென்காசி ரோட்டை நான்கு வழியா அகலப்படுத்தும்போது சாலையோர மரங்கள் நிறைய போச்சு. எங்க அப்பா தலைமுறை அந்த நிழல்லயே பஸ் ஏறின தலைமுறை. இன்னைக்கு அந்த இடங்கள்ல நின்னு, இங்க இருந்த மரம் எந்த மாசம் துளிர்த்துச்சு, எந்தப் பறவை கூடு கட்டுச்சுன்னு கேட்டா, பதில் ஞாபகத்துல இருக்கே தவிர காகிதத்துல இல்ல. ஞாபகம் ஆளோட போயிடும். யாரோ ஒருத்தர் பள்ளிக்கூட நோட்டுல ஒரு இலையைத் தேய்ச்சு, "பாவூர்சத்திரம் ரோடு, மார்ச் 12"னு எழுதி வெச்சிருந்தா அதுக்கு இன்னைக்கு என்ன விலைன்னு யோசிங்க.

இந்த மாதிரி சாதாரண ஆளுங்களோட குறிப்புகளை நம்பி நடக்கிற வேலைகளும் இருக்கு. சீசன்வாட்ச்ல சேர்ந்தா, ஒரு மரத்தை வாராவாரம் பார்த்து அதோட இலை, பூ, காயைப் பதியலாம். எங்க பக்கம் ஜனவரியில தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், தன்னார்வலர்கள் குளம் குளமா போய் எண்ணுவாங்க. உங்க ஜர்னல் பழக்கம் அங்க நேரா கைகொடுக்கும்.

தென்காசி இல்ல, வேளச்சேரியில இருக்கேன்னு சொல்றீங்களா? உங்க தெருவுல ஒரு புங்கமரம் இருக்கும். உதிர்ந்த இலையை எடுத்துப் பாருங்க, வெள்ளையா திட்டுத் திட்டா தடம் இருக்கும். இலைக்குள்ளயே வாழ்ந்து சாப்பிட்டுப் போன ஒரு புழுவோட வேலை அது. வரையுறதுக்கு அதைவிட நல்ல கோடு எங்க கிடைக்கும்?

இந்த வாரத்துக்கு ஒரே வேலை. ஏழு நாள், ஒரே பாதை, ஒரே மரம். ஒவ்வொரு நாளும் அரைப் பக்கம். படம் கோணலா வரட்டும், வண்ணம் வழியட்டும். கீழ் மூலையில இடம், தேதி, உங்க பேரு மட்டும் விடாம எழுதுங்க. ஏழாவது நாள் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, மரத்துல மாறினது என்னன்னு எனக்கு ஒரு வரி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதுல இருந்தே ஆரம்பிக்கலாம். சாரல் அடிக்குது, நான் நடக்கக் கிளம்புறேன்.