ஒரே ஆள், மூன்று புராஜெக்ட்

ஒரு நிறுவனத்தில் பல புராஜெக்டுகள் ஒரே காலத்தில் நடக்கும்போது, யார் எந்த வாரத்தில் எதில் எத்தனை மணி நேரம் வேலை செய்வார் என்று முன்கூட்டியே வகுப்பது ஆள் ஒதுக்கீடு. அந்த ஆட்களின் கையில் வேலைக்கென்று உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்கிடுவது அதன் மறுபாதி. முதல் பாதியை எல்லா நிறுவனங்களும் ஏதோ ஒரு வகையில் செய்கின்றன. மறுபாதியை விட்டுவிடுவது, புராஜெக்டுகள் தேதி தவறுவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று. விடுபட்ட அந்தக் கணக்கை ஊழியர்கள் தங்கள் இரவுகளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் கொடுத்து நேர்செய்ய வேண்டியிருக்கிறது.

வேலைகளைக் காலத்தோடு பொருத்திப் பார்க்கும் முறைக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் 1910-களில் பரப்பிய பட்டை வரைபடம் இன்றைய மென்பொருள்களிலும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. போலந்தின் கரோல் அடாமியெட்ஸ்கி 1896-லேயே அதற்கு நெருக்கமான ஒன்றை உருவாக்கியிருந்தார். 1950-களின் பிற்பகுதியில் டூபான்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்கள் சேர்ந்து ‘கிரிட்டிக்கல் பாத்’ முறையை வகுத்தன. அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைப் பணிக்காக ‘பெர்ட்’ முறை பிறந்தது. எந்த வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் மொத்த புராஜெக்டும் ஒரு நாள் தள்ளும் என்பதை இந்த முறைகள் காட்டிக்கொடுத்தன. ஆனால் வேண்டிய ஆள் வேண்டிய நாளில் கிடைப்பார் என்று எடுத்துக்கொண்டே அவை கணக்கிட்டன. ஒரே வாரத்தில் இரண்டு வேலைகளுக்கும் அதே ஆள்தான் தேவை என்றால், வரைபடத்தில் சரியாக இருப்பது நடப்பில் முடியாததாகிவிடும். திட்டமிடல் மென்பொருளின் ஆள் ஒதுக்கீட்டுப் பகுதி இந்த இடைவெளியை அடைக்க வந்தது. 1983-ல் தொடங்கப்பட்ட பிரைமவேரா, 1984-ல் டாஸ் கணினிகளுக்கு வந்த மைக்ரோசாப்ட் புராஜெக்ட் ஆகியவை இந்த வகையில் முன்னோடிகள்.

இத்தகைய மென்பொருளின் அடித்தளம் பொது ஆள் பட்டியல். ஒவ்வொரு மேனேஜரும் தன் எக்செல் தாளில் தனித்தனியாகப் பெயர்களை எழுதி வைத்திருந்தால், மூன்று தாள்களில் அதே பெயர் இருப்பது யாருக்கும் தெரியாது. சென்னை ஓ.எம்.ஆரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தை எண்ணிப் பார்க்கலாம். அங்கே டேட்டாபேஸ் தெரிந்த ஒருவரை முதல் மேனேஜர் பாதி நேரத்துக்குக் கேட்கிறார். இரண்டாமவர் 40 சதவீதம், மூன்றாமவர் 30 சதவீதம். தனித்தனியே பார்த்தால் மூன்றும் நியாயமான கோரிக்கைகள். கூட்டினால் 120 சதவீதம். எல்லா ஒதுக்கீடுகளும் ஒரே பட்டியலில் வந்து விழும்போது அந்த வாரக் கட்டம் சிவப்பாகிறது. சிவப்பு தெரிந்த பிறகு மூன்று மேனேஜர்களும் ஒருவரோடு ஒருவர் பேசித்தான் ஆக வேண்டும். மென்பொருள் தரும் மிகப் பெரிய பயன் இதுதான்.

அடுத்தது, நூறு சதவீதம் என்பது எத்தனை மணி நேரம் என்ற கேள்வி. இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் கோணிவிடுகின்றன. வாரம் 40 மணி, ஆண்டுக்கு 52 வாரம் என்று பெருக்கினால் 2,080 மணி வரும். பலர் இந்த எண்ணை அப்படியே மென்பொருளில் ஏற்றிவிடுகிறார்கள். 260 வேலை நாட்களில் பண்டிகை விடுமுறைக்கு 10 நாளும் சொந்த விடுப்புக்கு 20 நாளும் கழித்தால் மிஞ்சுவது 230. எட்டு மணி வேலை நாளில் மீட்டிங், மின்னஞ்சல், பயிற்சி, பழைய வாடிக்கையாளரின் அவசரத் தொலைபேசி எல்லாம் போக ஆறு மணி நேரம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,380 மணி. முதலில் ஏற்றிய எண்ணில் இது மூன்றில் இரண்டு பங்குதான். நிறுவனத்துக்கு நிறுவனம் எண்கள் மாறலாம், ஆனால் கழித்தல் எங்கும் உண்டு. அதைச் செய்யாத திட்டம் முதல் நாளிலேயே பின்தங்கிவிடுகிறது. பொங்கல் வாரத்தில் முழு அணியும் இருக்கும் என்று காட்டும் நாட்காட்டியை வைத்துக்கொண்டு எந்த மென்பொருளாலும் சரியான தேதி சொல்ல முடியாது.

தேவைப் பக்கத்தில், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை ஆள்மணி, எந்தத் திறமை என்று பதிவாகிறது. வேலையளவு என்பது கால அளவையும் ஆளின் பங்கையும் பெருக்கி வருவது என்ற சூத்திரத்தில் மைக்ரோசாப்ட் புராஜெக்ட் இயங்குகிறது. 40 மணி நேர வேலைக்கு ஒருவர் பாதி நேரம் கொடுத்தால் இரண்டு வாரம் ஆகும். முழு நேரம் இருவரைப் போட்டால் அரை வாரம் என்று அது சொல்லும். கணக்கு சரி, ஆனால் வேலை எப்போதும் அப்படிப் பிரிவதில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமாகிவிட்ட மென்பொருள் புராஜெக்டில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று 1975-ல் எழுதினார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவரின் நேரம் போகிறது. பேசிக்கொள்ள வேண்டிய இணைகளும் பெருகுகின்றன. ஐந்து பேர் அணியில் அத்தகைய இணைகள் 10, பத்துப் பேர் அணியில் 45.

ஓர் ஆளைப் பல புராஜெக்டுகளுக்குப் பங்கு போடுவதிலும் இழப்பு உண்டு. ஒரு வேலையை நிறுத்தி இன்னொன்றுக்கு மனம் மாறவும், மீண்டும் விட்ட இடத்தைப் பிடிக்கவும் நேரம் செலவாகிறது. மென்பொருள் வல்லுநர் ஜெரால்ட் வைன்பெர்க் தரும் தோராயக் கணக்கின்படி, இரண்டு புராஜெக்டுகளில் இருப்பவர் ஒவ்வொன்றுக்கும் 40 சதவீதமே தர முடியும், மூன்றில் இருப்பவர் தலா 20 சதவீதம். மீதி மாறும்போதே கரைந்துவிடும். இது அளந்து பெற்ற எண் அல்ல, அனுபவ மதிப்பீடு. ஆனாலும் ஒருவரை ஐந்து இடங்களில் 20 சதவீதமாகக் காட்டும் திரை கவலைப்பட வேண்டிய ஒன்று, சிவப்பு நிறம் வராவிட்டாலும்.

எல்லோரையும் நூறு சதவீதம் நிரப்பி வைப்பதே திறமை என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஐ.டி. சேவைத் தொழிலில் அதற்குப் புரிந்துகொள்ளக் கூடிய காரணம் இருக்கிறது. வாடிக்கையாளருக்குப் பில் போட முடியாமல் பெஞ்சில் இருப்பவரின் சம்பளம் நிறுவனத்தின் செலவு. ஆகவே மொத்த ஊழியர் நேரத்தில் எவ்வளவு பில்லுக்குப் போகிறது என்ற பயன்பாட்டு விகிதத்தை முதலீட்டாளர்களும் கூர்ந்து பார்க்கிறார்கள். இன்ஃபோசிஸ் பயிற்சியாளர்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் இந்த விகிதத்தைக் காலாண்டுதோறும் வெளியிட்டு வந்திருக்கிறது. ஆனால் இந்த விகிதத்தை ஏற்றுவதற்கு ஒரு விலை உண்டு, அதை வரிசைக் கோட்பாடு துல்லியமாகக் காட்டுகிறது. வேலைகள் ஒழுங்கின்றி வந்து சேரும் எளிய மாதிரியில், ஒருவரின் நேரம் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் புதிதாக வரும் வேலை, சராசரி வேலை நேரத்தைப் போல் நான்கு மடங்கு காத்திருக்கும். 90 சதவீதத்தில் ஒன்பது மடங்கு, 95-ல் பத்தொன்பது. கடைசிச் சில சதவீதங்களைப் பிழிந்தெடுப்பதால் கிடைக்கும் வருமானத்தைவிட, அந்த ஆளுக்காகப் பிற அணிகள் காத்துக் கிடப்பதால் வரும் நட்டம் கூடுதலாக இருக்கலாம். எல்லோரும் தேடிப் போகும் டேட்டாபேஸ் வல்லுநரையோ கட்டுமானத் துறையின் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரையோ 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் விடுவது வீணடிப்பு ஆகாது.

சிவப்புக் கட்டங்களைத் தானாகவே சமன்செய்யும் வசதியும் மென்பொருளில் உண்டு. தள்ளிப்போனாலும் முடிவுத் தேதியைப் பாதிக்காத வேலைகளை முதலில் நகர்த்திப் பார்க்கும்; போதாவிட்டால் முன்னுரிமை குறைந்ததைப் பின்தள்ளும். மைக்ரோசாப்ட் புராஜெக்டில் முன்னுரிமை எண் 0 முதல் 1000 வரை. 1000 கொடுத்த வேலையை அது தொடாது. ஆட்கள் குறைவாக உள்ளபோது மிகச் சிறந்த கால அட்டவணையைக் கண்டுபிடிப்பது கணித நோக்கில் மிகக் கடினமான கணக்குகளில் ஒன்று என்பதால், மென்பொருள் பொதுவாகச் சில எளிய விதிகளைக் கொண்டு ஏற்கத்தக்க விடையையே தருகிறது. எல்லா மேனேஜர்களும் தத்தம் வேலைக்கு 1000 கொடுத்துவிட்டால் அந்த விடையும் கிடைக்காது. எந்த புராஜெக்ட் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு.

உள்ளே போகும் தகவல் மெய்யாக இருக்க வேண்டும் என்பதிலும் நிர்வாகத்தின் பங்கே பெரிது. டைம்ஷீட்டில் நாளுக்கு எட்டு மணி நேரம் காட்டாவிட்டால் கேள்வி வரும் என்று அஞ்சுகிற ஊழியர், பத்து மணி நேரம் உழைத்தாலும் எட்டு என்றே எழுதுவார். பேர் தெரியாத வேலைகளை ஏதாவது ஒரு புராஜெக்டின் கணக்கில் ஏற்றுவார். அந்த எண்களிலிருந்துதான் அடுத்த மதிப்பீடு உருவாகிறது. டைம்ஷீட்டை வைத்து யாரையும் தண்டிப்பதில்லை என்று தெளிவாகச் சொல்லி, சொன்னபடி நடக்கும் இடங்களில் மட்டுமே அது பயனுள்ள பதிவாகிறது.

கால எல்லைக்கு ஏற்ப நுணுக்கமும் மாற வேண்டும். அடுத்த சில வாரங்களுக்குப் பெயர் வாரியாக, உறுதியான ஒதுக்கீடு. அதற்கு அப்பால் பெயர் இல்லாமல் “ஜாவா தெரிந்தவர் இருவர், டெஸ்டர் ஒருவர்” என்று பதவி வாரியாக, மாதக் கணக்கில். இன்னும் கையெழுத்தாகாத ஒப்பந்தங்களுக்கு ஆட்களைத் தற்காலிகமாக ஒதுக்கி, உறுதியானவற்றிலிருந்து வேறு நிறத்தில் காட்டலாம். இரண்டும் ஒரே நிறத்தில் கலந்தால், வராமலே போகக்கூடிய வேலைக்காக வந்த வேலை ஆளின்றி நிற்கும். வாரம் ஒருமுறை மேனேஜர்கள் கூடி இந்தத் திரையைத் திருத்தாவிட்டால், சில வாரங்களில் அது நடப்பை விட்டு விலகிவிடும்.

ஆறு மாதத்துக்கு அப்பால் தெரியும் பற்றாக்குறையை ஆள் சேர்த்துத் தீர்க்க அவகாசம் இருக்கும். அடுத்த மாதத்தில் தெரிவதற்கு வேலையைக் குறைப்பது, தேதியைத் தள்ளுவது, ஒப்பந்த ஊழியரை அமர்த்துவது என்ற வழிகளே உண்டு. இந்திய ஐ.டி. துறையில் அனுபவமுள்ளவர் பலருக்கு நோட்டீஸ் காலம் 90 நாள். தேர்வுக்கு ஒரு மாதம், சேர்ந்தபின் வேலை பழக ஒரு மாதம் என்று கூட்டினால், அக்டோபரில் தேவைப்படும் ஆளுக்கான வெற்று வரியை மே மாதத்திலேயே மென்பொருளில் சேர்த்திருக்க வேண்டும்.